சனிக்கிழமை ஜுரம்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேற்படிப்புக்கோ வேலைக்கோ அமெரிக்கா வந்து ஒரு பல்கலைக்கழக ஊரில் வீடு பிடித்தவர்கள் ஆகஸ்ட் கடைசியில் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பார்கள். ஊரே ஒரே நிறத்தில் சட்டை போட ஆரம்பிக்கும். சனிக்கிழமை காலையில் பாதிச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் மைதானத்தின் கொள்ளளவு மட்டும் 1,07,601. அங்கே விளையாடுகிறவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள்.

ஆட்டத்தின் அடிப்படையைப் பழக ஒரு மாலை போதும். நான்கு முயற்சிக்குள் பந்தை 10 கெஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் இன்னும் நான்கு முயற்சி. பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கு 6 புள்ளி, அதையடுத்த உதைக்கு 1, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3. இவ்வளவு தெரிந்தாலே ஆட்டத்தோடு ஓடிவிடலாம். ஆனால் இரண்டு ஆட்டத்தில் தோற்ற அணி எப்படி ஒன்றிலும் தோற்காத அணிக்கு மேலே இருக்கிறது, டிசம்பரில் யார் எந்த ஊருக்குப் போய் விளையாடுவார்கள், ஒரே ஒரு ஆட்டத்துக்காக ஏன் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பழையவர்கள் யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஐ.பி.எல். போல இங்கே புள்ளிப் பட்டியல் கிடையாது. மேல்மட்டப் பிரிவில் 130-க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. வழக்கமான சீசனில் ஒவ்வோர் அணிக்கும் 12 ஆட்டம்தான். ஒன்றையொன்று ஒருபோதும் சந்திக்காத அணிகளை வரிசைப்படுத்த வேண்டுமானால், பார்த்தவர்கள் கூடி வாக்களிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தரவரிசை பற்றிய எல்லாச் சண்டைக்கும் மூலம் இதுதான்.

1. முதலில் உங்கள் அணியின் கான்ஃபரன்ஸ்

அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. நான்கு பெரியவை: தெற்கு மாநிலங்களை மையமாகக் கொண்ட எஸ்.இ.சி., மத்திய மேற்கில் பிறந்த பிக் டென், அட்லாண்டிக் கரையோரத்தின் ஏ.சி.சி., அப்புறம் பிக் 12. பெயரில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். பிக் டென்னில் 18 அணிகள், பிக் 12-இல் 16.

தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் அணிகளை இடம்பெயர வைத்துக்கொண்டே இருக்கிறது. 2024-இல் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்குப் போயின. லாஸ் ஏஞ்சலஸின் இரு அணிகளும் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குப் போயின. நூறாண்டுக்கும் மேல் மேற்குக் கரையை ஆண்ட பேக்-12 கான்ஃபரன்ஸ், அந்த சீசனில் இரண்டே அணிகளோடு நின்றது. இது வருத்தத்துக்குரிய இழப்பு என்றே நினைக்கிறேன். கலிஃபோர்னியா மாணவர்கள் ஒரு லீக் ஆட்டத்துக்காக நியூஜெர்சி வரை பறப்பதில் பல்கலைக்கழகத்துக்கு வருமானம் இருக்கலாம், ரசிகனுக்கு ஒன்றுமில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் அணி எந்தக் கான்ஃபரன்ஸ், அந்த 12 ஆட்டங்களில் எத்தனை கான்ஃபரன்ஸுக்குள் நடப்பவை, வெளியே யாரோடு மோதுகிறார்கள் என்று ஆகஸ்டிலேயே அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பரில் வரப்போகும் எல்லா வாதத்துக்கும் சாட்சி அந்த அட்டவணையிலேயே இருக்கிறது.

2. ஞாயிறு மதியப் பட்டியலைப் படிக்கும் விதம்

ஏ.பி. செய்தி நிறுவனத்தின் வாராந்தரத் தரவரிசைப் பட்டியல் 1936-இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய ஆசிரியர் ஆலன் கூல்டு, ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் இடையில் ரசிகர்கள் வாதிட ஏதாவது வேண்டும் என்றுதான் யோசித்தார். அந்த ஏற்பாடு இன்றுவரை குறைவில்லாமல் வேலை செய்கிறது.

சுமார் 60 விளையாட்டுச் செய்தியாளர்கள் ஆளுக்கு 25 அணிகளை வரிசைப்படுத்துவார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24, இப்படியே இறங்கி 25-ஆம் இடத்துக்கு 1. கூட்டினால் பட்டியல். அடைப்புக்குறிக்குள் தெரியும் எண், எத்தனை பேர் அந்த அணியை முதலிடத்தில் வைத்தார்கள் என்பது. யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதும் வெளிப்படை. எனவே ரசிகர்கள் செய்தியாளரைப் பெயர் சொல்லியே திட்டுவார்கள். 1950-இல் தொடங்கிய பயிற்சியாளர்கள் பட்டியல் ஒன்றும் தனியே உண்டு.

இதில் ஒரு பழைய குறை இருக்கிறது. முதல் பட்டியல் ஆகஸ்டில், ஒரு ஆட்டமும் நடக்கும் முன்பே வந்துவிடும். போன வருஷப் பெயரும் புதிதாகச் சேர்ந்த ஆட்டக்காரர்களின் புகழும் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. அதன்பிறகு வாக்காளர்கள் பெரும்பாலும் தோற்ற அணியை இறக்கி, கீழே இருப்பவர்களை ஒவ்வொரு படியாக ஏற்றுகிறார்கள். 5-இல் தொடங்கிய அணியும் பட்டியலுக்கு வெளியே தொடங்கிய அணியும் ஒரேயளவு வென்றாலும் முன்னது மேலேயே நிற்கும். அதனால் அக்டோபர் நடுப்பகுதி வரை இந்த எண்களைச் செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முன்பெல்லாம் இந்த வாக்குகள்தான் சாம்பியனையே தீர்மானித்தன. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ., மற்ற விளையாட்டுகளுக்கெல்லாம் தானே சாம்பியன் போட்டி நடத்துகிறது. மேல்மட்ட ஃபுட்பாலுக்கு மட்டும் நடத்துவதில்லை. அதனால் செய்தியாளர்கள் ஒரு அணியையும் பயிற்சியாளர்கள் வேறு அணியையும் சாம்பியன் என்று அறிவித்த ஆண்டுகள் உண்டு. 1997-இல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும் பட்டத்தை இப்படிப் பங்கிட்டன. இதைத் தீர்க்க 1998-இல் பி.சி.எஸ். என்ற முறை வந்தது. வாக்குகளோடு கணினிக் கணக்கையும் கலந்து முதல் இரண்டு அணிகளை மோதவிடும் ஏற்பாடு. 2003-இல் இரு பட்டியல்களிலும் முதலிடத்தில் இருந்த தெற்கு கலிஃபோர்னியாவையே அது இறுதி ஆட்டத்துக்கு வெளியே தள்ளியது. ஏ.பி. தன் பட்டத்தை அவர்களுக்கே கொடுத்தது. இறுதி ஆட்டத்தை வென்ற லூசியானா ஸ்டேட்டும் (எல்.எஸ்.யூ.) சாம்பியன்தான்.

3. நவம்பர் வந்தால் செவ்வாய் இரவு

2014 முதல் நிலைமை வேறு. சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கு அணிகளைத் தேர்ந்தெடுப்பது 13 பேர் கொண்ட தேர்வுக் குழு. பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர்கள், முன்னாள் பயிற்சியாளர்கள், முன்னாள் ஆட்டக்காரர்கள் போன்றோர் டெக்சாஸின் கிரேப்வைனில் ஒரு ஹோட்டலில் கூடிப் பேசுவார்கள். தன் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது அந்த உறுப்பினர் அறையைவிட்டு வெளியேற வேண்டும். இந்தக் குழுவின் பட்டியல் நவம்பர் தொடக்கத்திலிருந்து செவ்வாய்க்கிழமை இரவுகளில் வரும். அது வந்த நாளிலிருந்து ஏ.பி. பட்டியல் பெருமைக்கு மட்டும். டிசம்பர் முதல் வாரத்து ஞாயிறு கடைசிப் பட்டியல். அன்றைக்கு நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும்.

குழு எதைப் பார்க்கிறது? எதிரிகளின் பலம், நேருக்கு நேர் மோதியிருந்தால் அதன் முடிவு, பொது எதிரிகளிடம் எப்படி ஆடினார்கள், கான்ஃபரன்ஸ் பட்டம். இதில் எதற்கு எவ்வளவு எடை என்று எழுதிய சூத்திரம் இல்லை. முக்கிய ஆட்டக்காரர்களின் காயத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களையும் வென்று ஏ.சி.சி. பட்டத்தோடு வந்தது. அவர்களுடைய தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காலை உடைத்துக்கொண்டிருந்தார். அப்போது நான்கே இடம். குழு அவர்களை ஐந்தாவதாக வைத்து, ஒரு தோல்வி கண்ட அலபாமாவை உள்ளே எடுத்தது. மனமுடைந்து, பலர் விலகிய நிலையில், சீசன் முடிவில் நடக்கும் பவுல் என்ற சிறப்பு ஆட்டங்களில் ஒன்றான ஆரஞ்சு பவுலில் ஆடிய ஃப்ளோரிடா ஸ்டேட், ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. அந்த ஸ்கோரைக் காட்டிக் குழு சரிதான் என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வந்த எதிரிகளையெல்லாம் வீழ்த்திய அணியிடம் "நீங்கள் இனிமேல் தோற்றுவிடுவீர்கள்" என்று சொல்லி வாசலை மூடுவது விளையாட்டுக்குப் பொருந்தாது.

2025 இன்னும் நல்ல பாடம். மயாமி, நாட்டர் டேம் இரண்டும் 10 வெற்றி, 2 தோல்வி. சீசனின் முதல் வாரத்திலேயே மயாமி நாட்டர் டேமை 27-24 என வென்றிருந்தது. ஆனாலும் குழு வாரந்தோறும் நாட்டர் டேமையே மேலே வைத்தது. இரண்டுக்கும் நடுவில் வேறு அணிகள் இருந்ததால் நேருக்கு நேர் முடிவு பெரிதாகப் பேசப்படவில்லை. கடைசி வாரம் பிரிகம் யங் தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் தோற்றுக் கீழே இறங்கியதும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. உடனே அந்த ஆகஸ்ட் ஆட்டத்துக்கு உயிர் வந்தது. மயாமி 10, நாட்டர் டேம் 11. இரண்டு அணிகளும் அந்த வார இறுதியில் ஆடவே இல்லை. நாட்டர் டேம் வேறெந்த பவுலிலும் ஆட மாட்டோம் என்று அறிவித்துவிட்டது. முடிவு சரி, வந்து சேர்ந்த பாதைதான் கோணல் என்பது என் கருத்து. முதல் நாளிலிருந்தே அந்த 27-24-க்கு மதிப்பு கொடுத்திருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

4. பன்னிரண்டு பேர் எப்படி உள்ளே வருகிறார்கள்

2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகள். 2025 சீசனில் நடந்தபடி சொல்கிறேன். விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள் என்பதால் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கான்ஃபரன்ஸ் பட்டம் வென்றவர்களில் தரவரிசையில் மேலே உள்ள ஐந்து பேருக்கு அப்போது இடம் உறுதி. மீதி ஏழு இடம் பட்டியலின் வரிசைப்படி. கடைசியாக நுழையும் சாம்பியன்கள் பட்டியலில் 12-க்குக் கீழே இருந்தாலும் உள்ளே வருவார்கள். அதனால்தான் 11-ஆம் இடத்து நாட்டர் டேம் வெளியே நின்றது, 20-க்கும் கீழே கிடந்த ஜேம்ஸ் மேடிசன் உள்ளே வந்தது. "ஐந்து சாம்பியன்கள்" என்றால் பெரிய நான்கு கான்ஃபரன்ஸின் பட்டத்தாரிகள் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்று அப்போது விதி இல்லை. அந்த வருஷம் ஏ.சி.சி. பட்டத்தை வென்றது டியூக். ஐந்து தோல்வி இருந்ததால் அதைத் தாண்டி டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் நுழைந்தன.

முதல் நான்கு இடத்தவர்களுக்கு முதல் சுற்றில் ஓய்வு. மற்றவர்களில் 5-ஆம் அணி 12-உடன், 6 11-உடன், 7 10-உடன், 8 9-உடன் மோதும். முதல் சுற்று மேலே உள்ள அணியின் சொந்த மைதானத்தில், டிசம்பர் குளிரில். காலிறுதியும் அரையிறுதியும் ஆறு பெரிய பவுல்களில் சுழற்சி முறையில்: ரோஸ், சுகர், ஆரஞ்சு, காட்டன், ஃபியஸ்டா, பீச். ஜனவரி மூன்றாம் வாரத்தில் இறுதி ஆட்டம்.

ஓய்வு கிடைப்பது வரமா என்பது இன்னும் தெளிவாகவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெற்ற எட்டு அணிகளில் அடுத்த ஆட்டத்தை வென்றது ஒன்றே ஒன்று, 2025-இன் இண்டியானா. தலைமுறை தலைமுறையாகத் தோல்விக்குப் பேர்போன அந்தப் பல்கலைக்கழகம், ரோஸ் பவுலில் அலபாமாவை 38-3 என்று வீழ்த்தி, இறுதியில் மயாமியை 27-21 என வென்று, 16 ஆட்டத்தில் ஒன்றும் தோற்காமல் பட்டம் பெற்றது. கடைசி இடத்துக்குச் சண்டை போட்டு உள்ளே வந்த மயாமிதான் எதிரே நின்ற அணி என்பதைக் கவனியுங்கள். 10-க்கும் 11-க்கும் நடுவில் இவ்வளவு இருக்கிறது.

5. மற்ற பவுல்கள்

பிளேஆஃபுக்குப் போகாத அணிகளுக்கும் டிசம்பரில் வேலை உண்டு. 12-இல் 6 ஆட்டம் வென்றால் பவுலுக்குத் தகுதி. கீழ்ப்பிரிவு அணியை வென்ற வெற்றிகளில் ஒன்றுதான் கணக்கில் சேரும். மொத்தம் ஏறத்தாழ 40 பவுல்கள்.

யார் எங்கே என்பதைப் பெரும்பாலும் ஒப்பந்தம் முடிவு செய்கிறது. ஒவ்வொரு பவுலும் இன்ன கான்ஃபரன்ஸிலிருந்து ஒரு அணி, இன்னொன்றிலிருந்து ஒரு அணி என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும். பிளேஆஃப் அணிகள் போன பிறகு மீதமுள்ளவர்களைப் பிரித்துக்கொள்வார்கள். அங்கே தரவரிசையைவிட ரசிகர் கூட்டம் பெரிது: எத்தனை பேர் பயணம் செய்து வந்து ஹோட்டல் அறை எடுப்பார்கள், போன வருஷம் இதே அணி இதே ஊருக்கு வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். 9 வெற்றி பெற்ற அணியைவிட 7 வெற்றி பெற்ற அணிக்கு நல்ல பவுல் கிடைத்தால் காரணம் இதுதான்.

எல்லாவற்றுக்கும் மூத்தது பாசடீனாவின் ரோஸ் பவுல். 1902 புத்தாண்டு நாளில் மிச்சிகன் ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று நொறுக்கியது. ஒருதலைப்பட்சமான அந்த ஆட்டத்துக்குப் பின் விழாக் குழுவினர் ஃபுட்பாலையே கைவிட்டு, ரோமானியர் பாணித் தேர்ப் பந்தயமெல்லாம் நடத்திப் பார்த்தார்கள். 1916-இல்தான் ஃபுட்பால் திரும்பி வந்தது. அதன்பின் ஆண்டு தவறவில்லை.

சின்ன பவுல்களை ஏளனம் செய்கிறவர்களோடு சேராதீர்கள். தொழில்முறை லீகுக்குப் போகவிருக்கும் நட்சத்திரங்கள் காயத்துக்கு அஞ்சி இவற்றிலிருந்து விலகிக்கொள்வது உண்மை. 2016-இல் கிறிஸ்டியன் மெக்கஃப்ரி, லியனார்ட் ஃபோர்னெட் இருவரும் விலகியதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. ஆனால் அணியில் உள்ள மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையின் கடைசி ஆட்டமே அதுவாக இருக்கலாம். அடுத்த வருஷத்து அணியின் முகம் தெரிவதும் அங்கேதான்.

6. பகை: தரவரிசை எட்டாத இடம்

இந்த விளையாட்டின் உயிர் இங்கே இருக்கிறது. நவம்பர் கடைசி வாரம், நன்றி நவிலும் நாள் விடுமுறையை ஒட்டி, பெரும்பாலான அணிகள் தங்கள் பரம எதிரியோடு மோதும். அந்த ஒன்றை வென்றால் மோசமான சீசனும் மன்னிக்கப்படும். தோற்றால் 11 வெற்றிக்கும் ருசி இருக்காது.

மிச்சிகனும் ஒஹையோ ஸ்டேட்டும் முதலில் மோதியது 1897. இரு மாநிலங்களும் 1835-இல் டொலீடோ நகர எல்லைக்காகப் படையே திரட்டியவை. அந்த வாரம் ஒஹையோ ஸ்டேட் வளாகத்துப் பலகைகளில் 'எம்' எழுத்தின்மேல் சிவப்பு நாடாவால் குறுக்கே கோடிட்டு மறைத்துவிடுவார்கள். 2024-இல் பட்டியலிலேயே இல்லாத மிச்சிகன், இரண்டாமிடத்து ஒஹையோ ஸ்டேட்டை அதன் சொந்த மைதானத்தில் 13-10 என வென்றது. நடுக்களத்தில் கொடி நட முயன்றதில் கைகலப்பு மூண்டு, காவலர்கள் பெப்பர் ஸ்ப்ரே அடிக்க வேண்டிவந்தது. முந்தைய முறையில் அதோடு ஒஹையோவின் சீசன் முடிந்திருக்கும். 12 அணி முறையில் அது உள்ளே வந்து தேசியப் பட்டமே வென்றது. அப்படியும் ஒஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் கேட்டுப் பாருங்கள்: அந்த 13-10 ஆறவில்லை.

அலபாமா–ஆபர்ன் ஆட்டத்துக்கு அயர்ன் பவுல் என்று பெயர். ஆனால் அது பவுல் ஆட்டம் கிடையாது, வழக்கமான சீசன் ஆட்டம். ஒரே மாநிலம், ஒரே குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. பங்காளிச் சண்டைக்கே உரிய கசப்பு. 1907-க்குப் பின் பேச்சுவார்த்தை முறிந்து 1948 வரை மோதவே இல்லை. 2013-இல் 28-28 என்று சமநிலை, ஒரு விநாடி மிச்சம். முதலிடத்திலிருந்த அலபாமா 57 கெஜத்திலிருந்து உதைத்த பந்து குறுகி விழ, ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் முழு நீளமும் ஓடி டச்டவுன் போட்டார். இதே பகை எல்லை மீறியதும் உண்டு. ஆபர்ன் ரசிகர்கள் வெற்றியைக் கொண்டாடும் டூமர்ஸ் கார்னர் ஓக் மரங்களுக்கு 2010-இல் அலபாமா ரசிகர் ஒருவர் விஷம் வைத்தார். மரங்கள் பிழைக்கவில்லை, அவர் சிறைக்குப் போனார், அலபாமா ரசிகர்களும் மரங்களுக்காகப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

டெக்சாஸும் ஓக்லஹோமாவும் அக்டோபரில் டாலஸ் மாநிலப் பொருட்காட்சி நடுவே மோதும்; மைதானம் 50 கெஜக் கோட்டில் சரிபாதியாகப் பிரிந்து ஒருபக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் சிவப்பு. டெக்சாஸ்–டெக்சாஸ் ஏ அண்ட் எம் பகை 2011-இல் கான்ஃபரன்ஸ் மாற்றத்தால் நின்றுபோய் 2024-இல் திரும்பியது. ஓக்லஹோமா–ஓக்லஹோமா ஸ்டேட் ஆட்டம் அதே காரணத்தால் 2023-உடன் நின்றது. எதையெல்லாம் பணத்துக்காக விடலாம் என்று முடிவெடுப்பவர்கள் இதை விட்டிருக்கக் கூடாது.

ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்க நேரம் என்றால் டிசம்பர் நடுவில் வரும், ராணுவ, கடற்படைப் பயிற்சிக் கல்லூரிகள் மோதும் ஆர்மி–நேவியைப் பாருங்கள். 1890 முதல் வரும் மோதல். முடிந்ததும் இரு அணியும் சேர்ந்து நின்று முதலில் தோற்றவர்களின் பாடலையும் பிறகு வென்றவர்களின் பாடலையும் பாடும்.

7. மைதானத்துக்குப் போகும் நாள்

நிறம் முக்கியம். எதிரணியின் நிறம் அலமாரியில் உள்ள ஒரே நல்ல சட்டையாக இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். யாராவது "ஓ-எச்" என்று கத்தினால் கொலம்பஸில் "ஐ-ஓ" என்று பதில் சொல்ல வேண்டும். ஆன் ஆர்பரில் வணக்கத்துக்குப் பதிலாக "கோ ப்ளூ" சொல்லலாம். டெக்சாஸ் அணியின் ஊரான ஆஸ்டினில் ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் உயர்த்துவது மரியாதை, அதையே தலைகீழாகக் காட்டுவது வம்பு.

ஆட்டத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்பே வாகன நிறுத்தத்தில் அடுப்பு வைத்துச் சமைத்து உண்ணும் டெயில்கேட் தொடங்கிவிடும். அறியாதவர்களையும் கூப்பிட்டுத் தட்டு கொடுப்பார்கள். தயங்காமல் போங்கள், சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல மைதானங்களில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைக்குத்தான் அனுமதி. ஆட்டம் மூன்றரை மணி நேரம் வரை நீளும், மாணவர் பகுதியில் முழுக்க நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் சின்ன எதிரி வரும் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுங்கள். விலையும் குறைவு, குளிரும் இருக்காது.